பகலில் ஊதா, இரவில் நீலம்

கேள்வி: எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு மருமகள் கையால் செய்த கண்ணாடித் தொங்கட்டான் ஒரு சோடி வாங்கித் தந்தாள். பகலில் வளவில் உட்கார்ந்து பார்த்தால் ஊதாவாக இருக்கிறது. இரவில் டியூப்லைட்டின் கீழ் வெளிறிய நீலமாகிவிடுகிறது. சாயம் போகிறது என்கிறார் என் அக்கா. இதற்குப் பத்தரிடம் கொடுத்துத் தங்கக் கொக்கி வைக்கலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சாயம் போகவில்லை, ஆச்சி. போன சாயம் மறுநாள் காலையில் திரும்பி வருவதில்லை. தங்களிடம் இருப்பது, நியோடிமியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடைச் சேர்த்து உருக்கிய கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். 1885-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் பிரித்தெடுத்துக் காட்டிய இந்தத் தனிமம், ஒளியில் 580 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியுள்ள மஞ்சள் பகுதியை விழுங்கிக்கொள்ளும். வெயிலில் எல்லா நிறங்களும் நிறைந்திருப்பதால், மஞ்சள் போக மிஞ்சும் சிவப்பும் நீலமும் கலந்து ஊதாவாகத் தெரிகின்றன. டியூப்லைட்டோ சில குறுகிய நிறக் கோடுகளாகவே வெளிச்சம் தருவதால், அங்கே நீலம் ஓங்கிவிடுகிறது. வீட்டில் பழைய குண்டு பல்பு ஒன்று இருந்தால் அதன் அருகே பிடித்துப் பாருங்கள், ஊதா திரும்பிவிடும்.

ஒரே வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கும்போதே நிறம் மாறினால் அது வேறு வகை. கண்ணாடியின் மேல் உலோக ஆக்சைடுகளை வெற்றிடத்தில் மெல்லிய படலங்களாகப் படிய வைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்களிடம் உள்ள வகைக் கண்ணாடியை அலெக்சாண்ட்ரைட் என்ற பெயரில் விற்பவர்கள் உண்டு. உண்மையான அலெக்சாண்ட்ரைட், பகலில் பச்சையும் குண்டு பல்பில் சிவப்புமாகத் தெரியும் இரத்தினக்கல். அதன் விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது.

அதற்காக இதை மட்டமாக எண்ணிவிடாதீர்கள். கண்ணாடிக் குச்சியைத் தீச்சுடரில் இளக்கி, களிமண் பூச்சிட்ட எஃகுக் கம்பியில் சுற்றிச் சுற்றி மணியாக்கி, ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் சூளையில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும். மணியின் துளைக்குள் உற்றுப் பாருங்கள்: வெண்சாம்பல் பொடி சிறிது ஒட்டியிருந்தால், அது அந்தக் களிமண்ணின் மிச்சம். இரண்டு மணிகளும் அச்சு வார்த்தாற்போல் ஒன்றாக இல்லாவிட்டால் அதைக் குறையென்று கருத வேண்டாம், கைவேலை அப்படித்தான் இருக்கும்.

தங்கக் கொக்கி தாராளமாக வைக்கலாம். ஆனால் கண்ணாடி கோத்திருக்கும்போதே ஊதுகுழல் தீயைக் காட்டினால், ஒரு பக்கம் மட்டும் திடீரெனச் சூடேறி மணி தெறித்துவிடும். ஆகவே வளையத்தையும் கொக்கியையும் தனியே பற்றவைத்து, முழுவதும் ஆறிய பின்பே மணியைக் கோக்க வேண்டும் என்று பத்தரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வைரத்தோட்டுடன் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வைரம் கண்ணாடியைக் கீறிவிடும். பஞ்சு வைத்த தனி டப்பி போதும்.