சங்கிலியை நான் எடுக்கவில்லை, டாக்டர்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. செந்தூலில் எங்களோடு இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறேழு மாதமாக, நான் அவர் சங்கிலியைத் திருடிவிட்டதாகச் சொல்கிறார். போன வாரம் அது மைலோ டின்னுக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினால், "பயந்துபோய் நீதான் கொண்டுவந்து வெச்சிருக்க" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தால் மட்டும் நன்றாகப் பேசுகிறார். வயசானால் இப்படித்தான் என்கிறார் கணவர். என்ன செய்வது?
- ஒரு மருமகள், செந்தூல்

பதில்: நீங்கள் எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன், சகோதரி. என் கிளினிக்கில் இந்தக் கதையைக் கேட்காத மாதம் இல்லை. காணாமல் போகும் பொருள்தான் மாறும்: சங்கிலி, அடையாள அட்டை, சுருட்டி வைத்த ஐம்பது ரிங்கிட். பழி மட்டும் பெரும்பாலும் குளிப்பாட்டிச் சோறு போடுகிறவர் மேல்தான் விழும். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பது அவர்தானே?

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. மறதி நோயில், அதிலும் அல்ஸைமரில், புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் பகுதிதான் பெரும்பாலும் முதலில் பழுதாகிறது. நகையைப் பத்திரமாக ஒளித்து வைக்கும் பழக்கம் ஐம்பது வருடத்துப் பழக்கம், அது போகாது. ஒளித்து வைத்த நிமிடம் மட்டும் மனதில் இல்லை. வைத்த இடத்தில் பொருள் இல்லை, தான் எடுத்த ஞாபகமும் இல்லை என்றால், யாரோ எடுத்திருக்க வேண்டும் என்றுதான் மூளை கணக்குப் போடும். அந்தக் கணக்கோடு நீங்கள் வாதாடி ஜெயிக்க முடியாது. வாதம் மறந்துபோகும், சண்டை போட்ட கசப்பு தங்கிவிடும்.

அதனால் "நான் எடுக்கல", "நீங்கதான் வெச்சீங்க" இரண்டையும் விட்டுவிடுங்கள். "காணோமா அத்தை? வாங்க, தேடுவோம்" என்று கூடவே தேடுங்கள். மைலோ டின் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், ஆனால் அதை அவரே திறக்கட்டும். உங்கள் கையிலிருந்து வந்தால் அதுவே அவருக்குச் சாட்சி. அசல் சங்கிலியைக் கணவரும் நாத்தனாரும் பார்க்க வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலி வாங்கிக் கொடுங்கள். ஏமாற்று வேலையா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அவருடைய நிம்மதிதான் பெரிது.

நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். விருந்தாளி வந்தால் ஆரம்ப நிலை நோயாளிகள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் தம் பிடித்துச் சமாளிப்பார்கள். அவர் போனதும் களைத்து விழுவார்கள். பள்ளி விடுமுறையில் நாத்தனார் வந்து மூன்று நாள் உங்கள் வீட்டில் தங்கட்டும். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

"வயசானால் இப்படித்தான்" என்பதை உங்கள் கணவர் விட்டாக வேண்டும். 2018-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. அப்படியானால் மற்ற தொண்ணூற்றுச் சொச்சம் பேர் அது இல்லாமல்தானே முதுமை அடைகிறார்கள்?

மறதியிலும் சரிசெய்யக்கூடியது உண்டு. இனிப்பு நீருக்கு அவர் சாப்பிடுவது மெட்ஃபோர்மின் என்றால், பல வருடம் சாப்பிட்டதில் வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். அதை ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் இவையும் மறதி போலவே தெரியும். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் பிரிட்டோன் மாத்திரை முதியவர்களைக் குழப்பிவிடும், பலர் அதைத் தூக்கத்துக்கும் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கி, கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ போகலாம். உங்கள் கணவரும் கட்டாயம் கூடப் போகட்டும்.

ஞாபகப் பரிசோதனையைத் தமிழில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பாட்டியிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கும்படி மலாயில் கேட்டிருக்கிறார்கள். அவர் விழித்தார், தாளில் மதிப்பெண் குறைந்துவிட்டது. அதே பாட்டி பால் மரம் சீவப் போன நாளில் வாரக் கூலி எவ்வளவு, கடைக்காரர் பிடித்தது எவ்வளவு என்று என்னிடம் தமிழில் கடகடவென்று கணக்குச் சொன்னார்.

அல்ஸைமர் என்றே உறுதியானால், டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயைக் குணமாக்காது. சந்தேகத்தை அடக்க மனநோய் மருந்து கேட்டு அவசரப்படாதீர்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அதனால் பக்கவாத ஆபத்து கூடும். மற்ற வழியெல்லாம் பார்த்த பிறகுதான் அது. யாராவது செய்வினை என்று சொல்லிக் காசு கேட்டால், அந்தக் காசை வாரத்தில் ஒரு நாள் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கச் செலவழியுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மலேசிய அல்ஸைமர் நோய் அறவாரியத்தையும் கேட்டுப் பாருங்கள். பராமரிக்கும் குடும்பத்தாருக்கு அவர்கள் துணையாக இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது: ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினாலோ, விழுந்து தலையில் அடிபட்ட பிறகு தூங்கி வழிந்தாலோ, அது பழைய மறதி இல்லை. சிறுநீர்க் கிருமித் தொற்றாகவோ மூளையில் ரத்தக் கசிவாகவோ இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.