ஸ்கேன் எல்லாம் நார்மல், ஆனால் வலிப்பு வருகிறது. வேலையிடத்தில் சொல்லலாமா?

23 வயதில் திடீரென்று வலிப்பு, ஸ்கேனில் ஒன்றுமில்லை, வேலையிடத்தில் சொல்வதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் "அதான் ஒண்ணும் இல்லையே, தைரியமா இரு" என்றும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அது இன்றும் வலிக்கிறது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இது தெரியும்: ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளையில் ஒன்றும் நடக்காவிட்டால் முடிவு நார்மல் என்றுதான் வரும். அதற்காக உங்களுக்கு வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. உலக அளவில் வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குக் காரணமே தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

நான் இருக்கும் மலேசியாவின் பினாங்குத் தீவில் தைப்பூசம் என்றால் தண்ணீர்மலை முருகன் கோயில்தான். 513 படி. விரதம், முதல் நாள் இரவு தூக்கமும் இல்லை. படி ஏறும் முன்பே விழுந்துவிட்டேன். உறுமிச் சத்தத்துக்கு நடுவே உடம்பு வெட்டி இழுத்ததைப் பார்த்து, அருள் வந்துவிட்டது என்று விபூதி பூசியிருக்கிறார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க, இன்னொருவர் எலுமிச்சம்பழத்தைப் பல்லுக்கு நடுவில் வைக்கப் போயிருக்கிறார். அக்கா கத்திக்கொண்டே அதைத் தட்டிவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அந்தப் பழம் தொண்டையில் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது.

சாமியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானே பால்குடம் எடுப்பவள். உதவிக்கு வந்தவர்கள் எல்லாம் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் வலிப்பு வந்தவர் வாயில் எதையும் வைக்கக் கூடாது, இரும்பால் வலிப்பு நிற்காது. இதை நம் கோயில்களில் ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன?

அடுத்த முறை வந்தபோது அக்கா கைப்பேசியில் வீடியோ எடுத்தாள். டாக்டர் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார், மாத்திரையும் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார். உங்கள் வீட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். சங்கடப்படாதீர்கள்.

வேலையிடத்தில், பக்கத்தில் நிற்பவரிடமாவது கட்டாயம் சொல்லுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் என் லைனில் வேலை செய்யும் மலாய்க்கார அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள், மணி பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 999-ஐ (இங்கே அவசர உதவி எண்) கூப்பிடுங்கள். மேலிடத்தில் சொல்வது வேறு கதை. நைட் ஷிப்ட் வேண்டாம், தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வருகிறது என்று டாக்டர் கடிதத்தோடு போனேன். என்னைச் சோம்பேறி போலப் பார்த்தார்கள். ஆனாலும் பகல் ஷிப்ட் கிடைத்தது.

அப்புறம் வண்டி. டாக்டர் ஓட்டக் கூடாது என்றுவிட்டார், சரி, அது நியாயம். ஆனால் இந்தத் தீவில் ஓட்டாதவர் எப்படித்தான் வேலைக்குப் போவது? வெயிலில் நின்று காத்திருந்தால் பஸ் வரும்போதே நிரம்பி வருகிறது. எல்ஆர்டி (இலகு ரயில்) கட்டுகிறார்கள், நல்லதுதான். அது ஓடும்வரை பஸ் நிறுத்தங்களுக்கு ஒரு கூரையும் உட்கார ஒரு பெஞ்சும் போட்டுத் தரலாமே.