கிரேபரை நம்பலாமா?

அன்புள்ள ஐயா,
டேவிட் கிரேபர் கடனைப் பற்றி எழுதிய நூலை இப்போதுதான் படித்து முடித்தேன். அவர் பெரும் நிதி நிறுவனங்களின் ஆதிக்கத்தை எதிர்த்த வால் ஸ்ட்ரீட் போராட்டத்தில் முன்னின்றவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மானுடவியலாளர் போராட்டக்காரராகவும் இருந்தால் அவருடைய ஆய்வை எப்படி நம்புவது?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்விதான். ஆனால் கிரேபர் விஷயத்தில் களப்பணி முதலில் வந்தது, போராட்டம் பிறகு வந்தது.

1989 முதல் 1991 வரை மடகாஸ்கரின் மேட்டுநிலத்தில் பெதாஃபோ என்ற ஊரில் அவர் ஆய்வு செய்தார். கடனில் மூழ்கிய நாடு. சர்வதேச நாணய நிதியம் சொன்னபடி செலவை வெட்டிய அரசு, அந்தக் கிராமங்களை ஏறக்குறைய கைகழுவிவிட்டிருந்தது. வரி கேட்டு யாரும் வருவதில்லை, போலீசும் எட்டிப் பார்ப்பதில்லை. ஊர் நாசமாகிவிடவில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை கூடிப் பேசி மக்களே காரியங்களை நடத்திக்கொண்டார்கள். அதை அவர் சொர்க்கமாக வரையவும் இல்லை. பழைய பிரபுக்களின் வம்சத்துக்கும் அடிமைகளின் வம்சத்துக்கும் இடையே கனன்ற பகைதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் மையம்.

அந்தச் செலவு வெட்டில் கொசு ஒழிப்புத் திட்டமும் போனது, மலேரியாவில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள் என்று கடன் நூலின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். இதை அருகிலிருந்து அறிந்தவர், வாங்கிய கடனை அடைத்தே ஆகவேண்டும் என்ற நீதியைக் கேள்வி கேட்காமல் எப்படி இருப்பார்?

2011இல் நீங்கள் சொன்ன வால் ஸ்ட்ரீட் போராட்டம் நடந்த நியூயார்க்கின் ஜுக்கோட்டி பூங்காவில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. ஒருவர் பேசியதைச் சுற்றியிருந்தவர்கள் உரக்கத் திருப்பிச் சொல்ல, அது கடைசி வரிசைவரை போனது. தலைவர் கிடையாது, முடிவுகள் பேசித்தான் எடுக்கப்பட்டன. பெதாஃபோவில் இரண்டு வருடம் இருந்தவருக்கு இது நடக்கக்கூடியதுதான் என்று தெரிந்திருந்தது.

சரி, நம்புவதா? சொல்வதைத் தனித்தனியாகச் சோதியுங்கள். பண்டமாற்றிலிருந்து பணம் பிறந்தது என்ற பாடநூல் கதைக்குச் சான்று இல்லை என்கிறார். கேம்பிரிட்ஜின் மானுடவியலாளர் கரோலின் ஹம்ப்ரி அதையே 1985இல் எழுதிவிட்டார். அங்கே கிரேபர் உறுதியான தரையில் நிற்கிறார். அர்த்தமற்ற வேலைகள் பற்றிய 2018 நூலில் அப்படியில்லை. பிரிட்டனின் ஒரு கருத்துக்கணிப்பில் தங்கள் வேலையால் உலகுக்குப் பயனில்லை என்று 37 சதவீதம் பேர் சொன்னதன் மீது அதிக பாரத்தை ஏற்றிவிட்டார். தன் வேலையைப் பயனற்றதாக உணர்பவர்கள் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள் என்று பின்னர் ஐரோப்பியத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. என் கணிப்பில் அது அவருடைய பலவீனமான நூல்.

அடுத்து அவருடைய மடகாஸ்கர் நூலைப் படியுங்கள். 2007இல் வந்தது. அதிகம் பேர் தொடாத புத்தகம், கிரேபர் எவ்வளவு பொறுமையாகக் காது கொடுப்பவர் என்பது அதில்தான் தெரியும்.