வண்டியில் இருக்கும்போது சுகர் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டி, வயது 44. பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறேன். கடலூர் சிப்காட்டில் லோடு ஏற்றி நாக்பூர் வரை போய் வர பத்து நாள் ஆகும். ஒரு வருடமாகச் சுகருக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று மாத்திரை. போன மாதம் நெல்லூர் தாண்டி, காலை பதினொரு மணி இருக்கும், உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கியது. ஓரங்கட்டிவிட்டேன். "வண்டி ஏறினால் மாத்திரையே போடாதே, வீட்டில் போட்டுக்கொள்" என்கிறார் கூட வேலை செய்பவர். இன்னொருவர் சூரணம் வாங்கச் சொல்கிறார். அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். சுகர் தெரிந்தால் தர மாட்டார்கள், பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், வண்டியை ஓரங்கட்டினீர்களே, அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் "இன்னும் பத்து கிலோமீட்டரில் தாபா வந்துவிடும்" என்று ஓட்டிக்கொண்டே போவார்கள்.

உங்களுக்கு வந்தது லோ சுகர் என்றுதான் நினைக்கிறேன். அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு, டிபனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பியிருப்பீர்கள். என்னிடம் வருகிற டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்லும் கதை இது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். பத்து நாள் போடாமல் இருந்தால் அடிக்கடி சிறுநீர், தாகம், அசதி என்று தொடங்கும். ஒவ்வொரு டிரிப்பிலும் இப்படியே விட்டால் உள்ளே கண்ணும் சிறுநீரகமும் காலும் சத்தமில்லாமல் கெடும். கால் மரத்துப்போன டிரைவருக்கு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே சரியாகத் தெரியாது. கேபினுக்குள் வரும் எஞ்சின் சூட்டில் பாதம் வெந்தாலும் தெரியாது.

ஆனால் இந்த "நிறுத்தாதே" என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை விளக்கமாகவே சொல்கிறேன், உங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது.

சுகர் மாத்திரைகளில் ஒரு ரகம், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிக்ளசைடு. எல்லாப் பெயரும் 'கிளி' என்று தொடங்குவதால் நினைவில் வைப்பது சுலபம். இந்தக் கிளி வயிற்றுக்குள் போனால் பின்னாலேயே சோறு போக வேண்டும். போகாவிட்டால் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். உங்களுக்கு நெல்லூரில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். மெட்பார்மின் என்ற இன்னொரு ரக மாத்திரையை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை. சிக்கல் என்னவென்றால், கடைகளில் விற்பவற்றில் பலவும் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை. அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே என்ன என்பது பொடி எழுத்தில் இருக்கும். மருந்துக் கடையில் அட்டையைக் காட்டி, "இதில் கிளி இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெயரின் பின்பகுதியில் கிளி வந்தால், சிட்டாகிளிப்டின் மாதிரி, அது வேறு ரகம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிளி இருந்தால் அந்த மாத்திரையை மணி பார்த்துப் போடாதீர்கள், தட்டைப் பார்த்துப் போடுங்கள். இட்லியோ தோசையோ இலையில் விழுந்த பிறகு மாத்திரை. எடை மேடையிலும் கேட் பாஸ் வரிசையிலும் மூன்று மணி நேரம் நிற்க வைத்து, அந்த வேளை சாப்பாடே இல்லை என்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை. அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் நீங்களாக எதையும் முடிவு செய்யாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாண்டிச்சேரியில் வண்டியை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: கிளியும் சாராயமும் சேர்ந்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் போதை என்று விட்டுவிடுவார்.

இதைவிட நல்ல வழி, மாத்திரையையே மாற்றித் தரக் கேட்பது. சர்க்கரையை இப்படிச் சட்டென்று இறக்காத மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான சிட்டாகிளிப்டினுக்கு 2022இல் காப்புரிமை முடிந்த பிறகு விலையும் நன்றாகக் குறைந்துவிட்டது. உங்களுக்கு "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று எழுதித் தந்தவர், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். எங்கள் துறையின் மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபமே இதுதான். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம், சீட்டில் ஒரு கிறுக்கல், அடுத்த ஆள். மளிகைக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இருபத்தைந்து டன் இழுப்பவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே நேரம். அவர் கேட்காவிட்டால் என்ன, உள்ளே நுழைந்ததும் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, நான் லாரி டிரைவர், எனக்குச் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது."

மறுபடி நடுக்கம் வந்தால்: ஓரங்கட்டி, இன்டிகேட்டர் போட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். பிஸ்கட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும். உடம்பு தெளிந்தாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும். சர்க்கரைப் பொட்டலம் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால், 90க்குக் கீழே காட்டினால் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். அந்த ஸ்டிரிப் டப்பாவை டேஷ்போர்டு வெயிலில் வைத்தால் எண் தப்பாகக் காட்டும்.

சூரணத்துக்கு வருகிறேன். "சுகரை வேரோடு அறுக்கும்" என்று லாரி பேட்டைகளில் விற்கும் பொட்டலங்களில் சிலவற்றில் இதே கிளி மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பது பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. அதனால்தான் சாப்பிட்டதும் சுகர் இறங்குகிறது! எவ்வளவு கலந்தான் என்று அவனுக்கே தெரியாது. நீங்கள் போடும் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் நெல்லூரில் ஓரங்கட்டக்கூட நேரம் இருக்காது. வாங்காதீர்கள்.

அடுத்தது புரோக்கர். நீங்கள் அறியாததை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார். சரக்கு வாகன லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு டாக்டர் கையெழுத்திட்ட 1ஏ படிவம் வேண்டும். அதில் பார்வை, சிவப்பு பச்சை நிறம், மாலைக்கண், காது, கை கால் குறை ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். மாத்திரையில் சுகரைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் கிடையாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் நீங்களே கையெழுத்துப் போடும் 1ஆம் படிவத்தில் வலிப்போ, திடீர் மயக்கமோ, தலைசுற்றலோ உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதனால்தான் முதலில் மாத்திரையைச் சரிசெய்யச் சொல்கிறேன். ஆளைப் பார்க்காமலே பணத்துக்குக் கையெழுத்துப் போடும் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு வெட்கக்கேடு. அந்தச் சான்றிதழ் உங்கள் கண்ணைக் காப்பாற்றாது. நாளை ஒரு விபத்து என்றால் புரோக்கர் ஊரிலேயே இருக்க மாட்டார், படிவத்தில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

அந்தப் பணத்தைக் கண்ணுக்குச் செலவழியுங்கள். சுகர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் அரசு ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். அன்று லோடு ஒத்துக்கொள்ளாதீர்கள். போக வர பஸ்ஸில் போங்கள்.

"சாப்பிட எங்கே சார் நேரம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் டிரிப் கணக்கிலும் பேட்டாவிலும்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். லேட் டெலிவரிக்குப் பிடித்தம் செய்யும் முதலாளியைக் கேட்க ஆளில்லை. அந்த அரை மணி நேரத்தை யாரும் தரும்வரை காத்திருக்காமல் காலை டிபனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பல வண்டிகளில் கிளீனரும் இல்லை. அதனால் ஒரு சீட்டில், "எனக்குச் சுகர் இருக்கிறது. நான் தடுமாறினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்" என்று தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி வாங்கி, லைசென்ஸோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.