கணினிச் சான்றிதழ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஐசிடிஎல், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஸ்பெஷலிஸ்ட் என்ற இரண்டு கணினிச் சான்றிதழ்த் தேர்வுகளில் ஒன்றை எழுதலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

பதில்: ஐசிடிஎல் 1990களில் பின்லாந்தில் 'கணினி ஓட்டுநர் உரிமம்' என்ற பெயரில் முளைத்து, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. பெயருக்கு ஏற்றபடி அது பொதுத் தேர்ச்சியைத்தான் சோதிக்கிறது. கணினி அடிப்படை, இணையம், சொற்செயலி, விரிதாள் என்று பகுதி பகுதியாக எழுதலாம். ஒரு பகுதிக்கு வழக்கமாக 45 நிமிடம். தேறுவதற்கு 75 விழுக்காடு வேண்டும். மைக்ரோசாஃப்ட் தேர்வு அப்படியல்ல. வேர்டு என்ற சொற்செயலிக்குத் தனியாக, எக்செல் என்ற விரிதாளுக்குத் தனியாக 50 நிமிடத் தேர்வு உண்டு. 1,000க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. கணினியை இப்போதுதான் தொடுகிறாள் என்றால் முதலாவது. எக்செல் ஓரளவு கைவந்துவிட்டது என்றால் இரண்டாவதற்கு நேராகப் போகலாம். இரண்டையும் ஒரே ஆண்டில் திணிக்க வேண்டாம்.

கேள்வி: விரிதாள் பயிற்சித் தேர்வில் முதல் வரிசை விடை சரியாக வருகிறது. ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் எல்லாம் பூஜ்யம். ஏன்?

பதில்: இந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண்ணைத் தின்பது இதுதான். பி பத்தியில் விலை, டி1 செல்லில் (கட்டத்தில்) வரி விகிதம் என்று வையுங்கள். சி2 செல்லில் '=பி2*டி1' என்று கொடுத்தால் விடை சரி. ஒரு வரிசை கீழே இழுத்ததும் பி2 பி3 ஆகிறது. அது நமக்கு வேண்டும். கூடவே டி1-உம் டி2 ஆகிவிடுகிறது. டி2 காலி, காலி செல்லைப் பெருக்கலில் எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஃபார்முலாவுக்குள் டி1 மீது கர்சரை வைத்து எஃப்4 கீயை ஒருமுறை அழுத்துங்கள். '$டி$1' என்று இரண்டு டாலர் குறிகள் விழும். இனி எவ்வளவு இழுத்தாலும் நகராது. இரண்டாம் முறை அழுத்தினால் வரிசை மட்டும் பூட்டப்படும், மூன்றாம் முறை பத்தி மட்டும், நான்காம் முறை பழையபடி ஆகிவிடும். பதற்றத்தில் இரண்டு தடவை தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, எண்ணி அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு கண்ணி, சராசரி. 60, 80, ஒரு காலி செல்: சராசரி 70. அந்தக் காலி இடத்தில் 0 என்று தட்டினால் 46.67. தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்யம் போடுவதா, காலியாக விடுவதா என்பதைக் கேள்வியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். செல்லில் ##### தெரிந்தால் பெரும்பாலும் பிழை இல்லை. பத்தி குறுகிவிட்டது, அகலப்படுத்தினால் எண் தெரியும்.

கேள்வி: வேர்டில் கேட்டபடியே பக்கம் அமைந்திருந்தது. ஆனாலும் மதிப்பெண் குறைந்துவிட்டது.

பதில்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஃபைலுக்குள் ஒன்றாக இருக்காது. தலைப்பை எழுத்துப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டால் அது வேர்டுக்கு வெறும் தடித்த எழுத்துதான். ஹெடிங் 1 ஸ்டைல் கொடுத்தால்தான் அதைத் தலைப்பாக எண்ணும், பொருளடக்கத்தில் தானாகச் சேர்க்கும். அடுத்த பக்கத்துக்குப் போக என்டரைப் பதினைந்து முறை தட்டுவதும் அப்படித்தான். மேலே ஒரு வரி சேர்ந்தால் எல்லாம் சரிந்துவிடும். கன்ட்ரோலுடன் என்டரை ஒருமுறை அழுத்தினால் பக்க முறிவு விழும். முதல் வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ் பாரைத் தொடக் கூடாது, இன்டென்ட் இருக்கிறது. பயிற்சியின்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தி, மறைகுறிகளைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள். ஸ்பேஸ் ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியும். செய்த திருட்டு வேலை அத்தனையும் அகப்பட்டுவிடும்.

கேள்வி: தட்டச்சு வேகம் எவ்வளவு வேண்டும்?

பதில்: அதற்கென்று மதிப்பெண் இல்லை. தட்ட வேண்டியதும் கொஞ்சம்தான்.

கேள்வி: நடுவில் குழப்பிவிட்டால் முதலிலிருந்து செய்யலாமா?

பதில்: மைக்ரோசாஃப்ட் தேர்வில் ப்ராஜெக்டை, அதாவது சில வேலைகள் சேர்ந்த ஒரு பகுதியை, மீண்டும் தொடங்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அந்த ப்ராஜெக்டில் சரியாகச் செய்த வேலைகளும் சேர்ந்தே அழிந்துபோகும். அதனால் முதலில் கன்ட்ரோல், இசட் அழுத்தி ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குங்கள். புரியாத வேலையை மறுபார்வைக்குக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஃபைலைச் சேமிக்கச் சொன்னால் கேட்ட பெயரிலேயே, கேட்ட ஃபோல்டரிலேயே சேமியுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஃபைல்.