கூட யார் வந்திருக்கா?

அன்புள்ள அக்கா,

பெயர் போட வேண்டாம். சிவகாசிப் பக்கம் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 44. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். காலெண்டர் சீசன் முடிந்த கையோடு கால் வீங்குகிறதே என்று டாக்டரிடம் போனேன். பிரஷர் 180க்கு மேல் இருந்தது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.9. மதுரைக்குப் போய் சிறுநீரக மருத்துவரைப் பார்த்தேன். இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 26, சிறுநீரக நோயில் நாலாவது ஸ்டேஜ், மாதாமாதம் வர வேண்டும் என்றார். மற்றதெல்லாம் ஏதோ சொன்னார், சரியாக நினைவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் அச்சகத்தில் என் டிராயரில் இருக்கிறது. எல்லாரும் தூங்கிய பிறகு மொபைலில் டயாலிசிஸ் வீடியோ பார்ப்பேன். அந்த மெஷினைப் பார்த்ததுமே பாதியில் நிறுத்திவிடுவேன். மனைவிக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடமே ‘என் கிட்னியை எடுத்துக்கங்க’ என்பாள். அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் மூத்தவள் கல்யாணம்வரை இழுத்துப் பேசுவார்கள்.

நண்பர் ஒருவர் மூலிகைப் பொடி வாங்கித் தந்திருக்கிறார். கிரியேட்டினினை இறக்கிவிடுமாம். சாப்பிடலாமா? உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தப் பயத்தையெல்லாம் எப்படிக் கடந்தீர்கள்? மனதைரியம் தருகிற புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

*

தம்பி,

பொடி வேண்டாம். லேபிளும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத டப்பாவுக்குள் என்ன அரைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அதைக் கொடுத்த நண்பருக்கே தெரியாது. சில மூலிகைகளும் உலோகம் கலந்த சில மருந்துகளும் சிறுநீரகத்தையே தின்றுவிடும். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லிவிட்டேன் என்று இதைப் படிக்கிற யாரும் கிளம்பி வர வேண்டாம், படித்த சித்த மருத்துவரே அந்த டப்பாவைத் தொடமாட்டார். அதோடு நீங்கள் எழுதாத ஒன்றை நானே கேட்கிறேன். நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்கிற ஆள் நீங்கள். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் உண்டா? டைக்ளோஃபினாக் வகையறா பழுதான சிறுநீரகத்துக்கு ஆகவே ஆகாது. உண்டென்றால் இன்றோடு நிறுத்துங்கள். அடுத்த முறை டாக்டரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

புத்தகமும் இப்போது வேண்டாம். நீங்கள் படிக்க வேண்டியது டிராயரில் கிடக்கிறது.

மெஷினைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்த மெஷின் மேல் ஒரு பிரியமே உண்டு. 1943இல், ஜெர்மன்காரர்கள் பிடித்துவைத்திருந்த ஹாலந்தில், காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் அதை உருட்டிக் கட்டினார். ரத்தத்தை வடிகட்டும் சவ்வுக்கு அவருக்குக் கிடைத்தது, இறைச்சி அடைத்து விற்கப் பயன்படும் செலஃபேன் உறை. முதலில் ஏற்றிய நோயாளிகள் ஏறக்குறைய எல்லாருமே இறந்துபோனார்கள். மனுஷன் விடவில்லை. 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்து எழுந்தார். இன்றைக்கு நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் வரிசையாக நிற்பதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்தான். அந்த மெஷினும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. பிரஷரைக் கட்டிப்போட்டு நாலாவது ஸ்டேஜிலேயே வருடக்கணக்கில் நிற்பவர்கள் உண்டு. நீங்கள் நடுராத்திரியில் பார்க்கும் வீடியோவில் அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. ‘மற்றதெல்லாம் ஏதோ சொன்னார், சரியாக நினைவில்லை.’ கொஞ்ச நாளாக நான் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருப்பது இதைத்தான்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஃபைலைக் கையில் வாங்கும் சிஸ்டர் முதலில் கேட்பது ‘கூட யார் வந்திருக்கா?’ என்றுதான். கட்டிலுக்கு ஒரு ஆள், மருந்துச் சீட்டுக்கு ஒரு ஆள், பணம் கட்ட ஒரு ஆள் என்று அவர்கள் கணக்கு. அட்மிஷன் போடும்போது மட்டும் கேட்கிறார்களே என்பது என் ஆதங்கம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது அதற்கு ரொம்ப முன்னால், வெறுமனே ஓ.பி.க்கு, ரிப்போர்ட் காட்டப் போகிற அந்த முதல் நாளில்.

என் அண்ணன் திருமங்கலத்தில் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. பதினைந்து பைசா பிசகினால் ராத்திரி பூராவும் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற ஆள். டாக்டரிடம் எப்போதும் தனியாகத்தான் போவார். திரும்பி வந்ததும் மதினி கேட்டால், ‘உப்பக் குறைக்கச் சொன்னாரு, வேற ஒன்னுமில்ல’ என்பார். பொய் சொல்கிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் பின்னால் கோபப்பட்டோம். பொய்யே இல்லை. அவர் காதில் உப்பு மட்டும்தான் விழுந்திருக்கிறது. டாக்டர் ‘டயாலிசிஸ்’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் அண்ணனுக்குக் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த அறையில் பேசியதெல்லாம் சுவரோடு போயிற்று. பதினைந்து பைசாவைத் தேடுகிறவருக்கே இந்தக் கதி.

என்ன பேசியிருக்கிறார்கள் என்பது பிற்பாடு பழைய சீட்டுகளைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. ஃபிஸ்டுலாவுக்கு சர்ஜனைப் பார்க்கவும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உங்களுக்கும் ஒருநாள் இந்த வார்த்தை வரலாம், அதனால் சொல்லி வைக்கிறேன். முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சின்ன ஆபரேஷனில் இணைத்துவிடுவார்கள். தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து பாய்ந்து அந்தச் சிரை தடித்து, பெரிய ஊசியைத் தாங்குகிற பதத்துக்கு வரும். வர குறைந்தது ஒன்றரை மாதம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். அதனால்தான் தேவை வருவதற்கு முன்பே செய்யச் சொல்கிறார்கள். அண்ணன் செய்யவில்லை. ஒரு ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். நுரையீரலில் நீர். அவசரத்துக்குக் கழுத்தில் குழாய் இறக்கித்தான் முதல் டயாலிசிஸ் நடந்தது. அந்தக் குழாயோடு இருந்த நாட்களில் தலைக்குக் குளிக்க முடியாது, ஒரு பக்கம் திரும்பிப் படுக்க முடியாது, லேசாகக் குளிர் எடுத்தாலே கிருமி ஏறிவிட்டதோ என்று வீடே பதறும். எல்லாம் ஒரு சீட்டைக் கூட இருந்து கேட்க ஆள் இல்லாத குறை.

பிறகு இடது கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவது மாதிரி உள்ளே ஒரு அதிர்வு ஓடும். காலையில் எழுந்ததும் மதினி முதல் காரியமாக அதைத் தொட்டுப் பார்ப்பார். அது ஓடுகிறது என்றால் காபி போடப் போவார்.

மதினியைப் பற்றிச் சொல்லும்போதுதான் நான் சொல்ல வருவது புரியும். அதற்குப் பிறகு டாக்டர் அறைக்குக் கூடப் போனது மதினி. போய் என்ன பிரயோஜனம்? உட்கார்ந்த உடனே அழுதுவிடுவார். டாக்டர் நல்ல மனுஷர், அண்ணனை விட்டுவிட்டு மதினியைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். நமக்கு ஒதுக்கின ஐந்து நிமிஷமும் அதிலேயே போய்விடும். நானும் போனேன். எனக்கு அழுகை வராது, வாய் வரும். டாக்டரோடு வாதாடிவிட்டு வந்தேன்.

கடைசியில் உருப்படியாகக் கூடப் போனவர் யார் தெரியுமா? அண்ணனோடு ஞாயிற்றுக்கிழமை சீட்டு விளையாடும் ஒரு லாரி புரோக்கர். சொந்தமும் இல்லை, உயிர் சிநேகிதம் என்றும் சொல்ல முடியாது. ‘சும்மாதானே இருக்கேன், நான் வரேன்’ என்று ஒருநாள் வண்டியில் ஏறினார். லோடு கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்று கையில். ‘எடை வரும்போது 63.4, போகும்போது 60.9, பி.பி. 150/90, பொட்டாசியம் சாஸ்தி, எளனி கூடாது’ என்று கோணல் எழுத்தில் வரிவரியாக எழுதிவைத்தார். எழுதுவதைவிடப் பெரிய காரியம், கேட்டார். ‘சார், இது எத்தன வருஷம் ஓடும்?’ வீட்டு ஆட்கள் எங்களில் ஒருத்தர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வந்திருக்காது. டாக்டரும் அவரிடம் ஒளிக்காமல் பேசினார், ஏனென்றால் உடைந்துவிடமாட்டார் என்று தெரிந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் அண்ணனை நேசித்தோம், அதனாலேயே அந்த அறையில் உபயோகமில்லாமல் போனோம். அவருக்கு அண்ணன்மேல் இருந்தது ஒரு சீட்டுக்கட்டு அளவு பிரியம். நோட்டு எழுத அது போதுமானதாக இருந்தது.

ஆகவே உங்களுக்கு ஆள் தேடும்போது முதல் வட்டத்தில் தேடாதீர்கள், அடுத்த வட்டத்தில் தேடுங்கள். அச்சகத்தில் பைண்டிங் செக்‌ஷனில் ஒரு பெரியவர் இருப்பார், டீக்கடையில் தினமும் பேப்பரைப் பங்கு போடுகிறவர் இருப்பார், பெண்ணின் பள்ளிக்கூட வாசலில் பழகினவர் இருப்பார். அவரிடம் போய் ‘எனக்கு ஆதரவா இருங்க’ என்று கேட்டால் அவர் மிரண்டுதான் போவார். யாருக்கும் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ‘அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை மதுரைக்கு டாக்டரப் பாக்கப் போறேன், கூட வந்து அவர் சொல்றத ஒரு நோட்டுல எழுதணும்’ என்று கேளுங்கள். வேலை, நாள், ஊர், எல்லாம் தெரிகிறது. முடியுமா முடியாதா என்று அவர் சொல்லிவிடுவார். முடியாது என்றால் அடுத்த ஆள். இதில் மானம் போக ஒன்றுமில்லை. கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளி தூக்க ஆள் கேட்கக் கூச்சப்படாத சமூகம், ஆஸ்பத்திரிக்கு ஆள் கேட்க மட்டும் ஏன் இப்படிக் கூசுகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

கேட்காமலே வருகிறவர்களைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதில் நான் உங்கள் கட்சி. நாலு சாத்துக்குடியும் ரெண்டு இளநீரும் தூக்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ‘எங்க ஒன்னுவிட்ட மாமாவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல போய்ட்டாரு’ என்பார்கள். பொட்டாசியம் ஏறிய ஆளுக்கு அந்த இளநீரும் ஆகாது, அந்த மாமாவும் ஆகாது. வாசலோடு அனுப்பலாம், தப்பில்லை.

ஆனால் டயாலிசிஸ் வார்டு வராந்தா என்று ஒன்று இருக்கிறது. நாலு மணி நேரம் உள்ளே ஆள் படுத்திருக்க, வெளியே ஒயர் கூடையும் ஃபிளாஸ்க்குமாக உட்கார்ந்திருப்பவர்கள். சாதி, ஊர் எதுவும் கேட்கமாட்டார்கள். ‘இன்னைக்கு எவ்வளவு எடுத்தாங்க?’ என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு. ‘ரெண்டரை லிட்டர்’ என்றால் ‘ஐயோ, தண்ணிய அளந்து குடுங்கம்மா’ என்று ஒரு அதட்டல் வரும். காயை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்று மதினிக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வராந்தாதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்று எப்படி வாங்குவது, எந்த நாளில் கூட்டம் குறைவு, எந்த டெக்னீஷியன் ஊசி வலிக்காமல் போடுவார், எல்லாம் அங்கே தெரியும். அங்கே யாரும் யாரையும் பரிதாபமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

இப்போது உங்கள் மனைவி. இங்கே கொஞ்சம் திட்டத்தான் போகிறேன்.

அவர் சிறுநீரகம் தருவதாகச் சொல்வார், அதைக் கேட்கத் தெம்பில்லை என்கிறீர்கள். உங்கள் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இந்த நாட்டில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் தருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அம்மா தருகிறாள், மனைவி தருகிறாள். வாங்கிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதை நினைத்துக் கூசுகிற ஆணாக நீங்கள் இருப்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அவர் இன்னும் கேள்வியையே கேட்கவில்லை. அதற்குள் அவர் பதிலையும் நீங்களே எழுதி, அதை மறுத்தும்விட்டீர்கள். சரி என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு ஒரு வாய் இருக்கிறதல்லவா? அவர் மறுக்கலாம், ரத்தப் பிரிவு சேராமல் போகலாம், அவருக்கே சர்க்கரை இருக்கலாம். உறுப்பு மாற்றுக்கென்று 1994ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, நெருங்கிய உறவா என்று பார்ப்பார்கள், விருப்பத்தோடுதான் தருகிறாரா என்று விசாரிப்பார்கள். ஹிதேந்திரன் என்ற திருக்கழுக்குன்றத்துப் பையனின் பெற்றோர், மூளைச்சாவடைந்த தங்கள் பிள்ளையின் உறுப்புகளை 2008இல் கொடுத்த பிறகு, இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் ஏற்பாடு நம் மாநிலத்தில் வேர்பிடித்துவிட்டது. அங்கேயும் பெயரைப் பதிந்து காத்திருக்கலாம். இதெல்லாம் அந்த நிலை வந்தால்.

பெண்ணின் கல்யாணத்தை இதற்குள் கொண்டுவராதீர்கள். பள்ளிக்கூடம் போகிற குழந்தை.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். நோட்டு எழுதுகிற வேலையை மட்டும் அவருக்குக் கொடுக்காதீர்கள். மாதக்கணக்காக மறைத்ததற்கு அவர் கோபப்படுவார், நியாயமான கோபம், வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் எழுத ஒரு கேள்வி தருகிறேன்: ஃபிஸ்டுலாவுக்காக எந்தக் கையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்? வழக்கமாக எழுதாத கையில்தான் வைப்பார்கள். நீங்கள் வலது கைக்காரர் என்றால் டாக்டரிடம் கேட்கும்வரை லேபில் ரத்தம் எடுக்க இடது கையை நீட்ட வேண்டாம், வலது புறங்கையைக் காட்டுங்கள். லேப்காரர் முனகுவார், முனகட்டும். மதுரை போய் வந்ததும் எழுதுங்கள். கூட வந்தவரே எழுதினால் எனக்கு இன்னும் சௌகரியம், அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.