அமெரிக்க அதிகாரியும் கனடியச் சட்டமும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அடுத்த மாதம் தாயாருடன் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து நியூயோர்க் செல்லவிருக்கிறேன். அங்கே அமெரிக்க அதிகாரிகளே சோதனை செய்வார்களாம். கேள்விகள் எல்லை மீறினால், பயணத்தைக் கைவிட்டு வீடு திரும்பலாமா?

பதில்: திரும்பலாம், ஆனால் முன்பு போலச் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப முடியாது.

அமெரிக்காவில் இறங்கிய பின் நடக்க வேண்டிய குடிவரவு, சுங்கச் சோதனைகளைப் புறப்படும் இடத்திலேயே முடித்துவிடும் இந்த முன்னனுமதி ஏற்பாடு, பியர்சன் போன்ற கனடிய விமான நிலையங்களில் மட்டுமன்றி டப்ளின், அபுதாபி ஆகிய இடங்களிலும் உண்டு. உங்களை அமெரிக்காவுக்குள் அனுமதிப்பதா என்பதை அந்த அதிகாரி தம் நாட்டுச் சட்டப்படி தீர்மானிக்கிறார். ஆனால் உங்களைத் தடுத்து வைப்பதையும் உடலைச் சோதிப்பதையும், 2019 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள கனடிய முன்னனுமதிச் சட்டம் வகுத்த அளவுக்குள்தான் அவர் செய்ய முடியும். கனடிய உரிமைகள் சாசனமும் அங்கே செல்லுபடியாகும். கைது செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. தடுத்து வைத்தவரைக் கனடியப் பொலிசாரிடமோ எல்லைச் சேவை அதிகாரியிடமோ இயன்ற விரைவில் ஒப்படைக்க வேண்டும்.

பயணத்தைக் கைவிடும் உரிமை, நீங்கள் தடுத்து வைக்கப்படாத வரை உங்களுடையது. முன்பிருந்த 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதில் சொல்லாமலே வெளியேறிவிட முடிந்தது. இப்போதோ, நீங்கள் யார், ஏன் திரும்புகிறீர்கள் என்று அதிகாரி கேட்டால் உண்மையான பதில் தர வேண்டும். அவர் உங்களைப் படம் எடுக்கவும் கூடும். இவற்றைக் காரணம் காட்டி நியாயமின்றித் தாமதப்படுத்த அவருக்கு உரிமையில்லை. எக்காரணம் கொண்டும் பொய் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தே பொய் சொல்வது கனடியச் சட்டப்படி குற்றம்.

என்னை மிகவும் உறுத்துவது ஆடை களைந்து சோதிப்பது பற்றிய பிரிவு. நியாயமான சந்தேகம் இருந்தால், அமெரிக்க அதிகாரி அச்சோதனையைச் செய்யுமாறு கனடிய அதிகாரியைக் கேட்க வேண்டும். ஆனால் கனடிய அதிகாரி மறுத்தாலோ, உரிய நேரத்துக்குள் வர இயலாவிட்டாலோ, பயணியின் அதே பாலினத்தைச் சேர்ந்த அமெரிக்க அதிகாரியே அதைச் செய்யலாம். தன் அதிகாரியே தேவையில்லை என்று மறுத்த ஒரு சோதனையைப் பிறநாட்டு அதிகாரி செய்யக் கனடா இடம் கொடுத்திருக்கக் கூடாது. அதனால் பாதிக்கப்படுபவர் அந்த அதிகாரி மீது நேரடியாகச் சிவில் வழக்குத் தொடரவும் வழியில்லை என்பது இதை இன்னும் கவலைக்குரியதாக்குகிறது.

கேள்வி: என் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டச் சொன்னால்?

பதில்: மறுக்கலாம், ஆனால் நீங்கள் அமெரிக்கக் குடிமகன் அல்ல என்றால், அனுமதி கிடைக்காமல் போகலாம். அமெரிக்க எல்லைத் துறை 2018 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைப்படி, தொலைபேசிக்குள் இருப்பதை மட்டுமே அதிகாரி பார்க்கலாம். ஆகவே இணையத் தொடர்பைத் துண்டித்த பிறகே பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும்போதே விமானப் பயண நிலையை (airplane mode) இயக்கிவிடுங்கள். வழக்கறிஞருடனோ மருத்துவருடனோ நடத்திய உரையாடல் அதில் இருந்தால், அதை முதலிலேயே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உடல் வருடிக் கருவிக்குள் (ஸ்கேனர்) நிற்கத் தாயார் தயங்குகிறார்.

பதில்: அது கனடியப் பாதுகாப்புச் சோதனை, முன்னனுமதி அதிகாரிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கருவிக்குப் பதிலாகக் கையால் தடவிச் சோதிக்கும்படி அவர் கேட்கலாம். பெண் ஊழியரே, வேண்டுமானால் தனியறையில், அதைச் செய்வார்.